நாற்பதாயிரம் ரூபாய்: லென்ஸ் வாங்குவதா, வேலை கற்றுக்கொள்வதா?

தீபாவளி போனஸ் வந்த மறுநாள் சித்தப்பா மகன் அறந்தாங்கியிலிருந்து போன் செய்தான்.

"அண்ணே, கையில நாற்பதாயிரம் இருக்கு. செகண்ட் ஹேண்ட்ல 70-200 லென்ஸ் ஒண்ணு வருது. இல்ல, இருக்கிற கேமரா பாடியைத் தள்ளிட்டு, மேல கொஞ்சம் போட்டு, பெரிய சென்சார் இருக்கிற ஃபுல் ஃபிரேம் கேமராவுக்குப் போயிரட்டுமா? 50 எம்எம் ஒண்ணு இருந்தாலே போதும்னும் சொல்றாங்க. எது வாங்கலாம், நீங்களே சொல்லுங்க."

அவனிடம் இருப்பது கேனான் 1500டி. அதோடு சேர்ந்து வந்த 18-55, 55-250 என்ற இரண்டு கிட் லென்ஸ்கள். வாங்கி நான்கு வருடம் ஆகிறது. பள்ளி ஆண்டுவிழா, சொந்தக்காரர் கல்யாணம், எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயம், அப்புறம் மார்கழி தை மாதங்களில் ஏரிக்குப் போய்ப் பறவைகள். அவன் எடுப்பது இவ்வளவுதான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "உனக்குப் பிடிக்காமப் போன படமா பார்த்து நாற்பது அனுப்பு. நல்லா வந்தது வேண்டாம். வாட்ஸ்அப்ல அனுப்பாதே, ஒரிஜினல் ஃபைலா அனுப்பு" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அந்த நாற்பதையும் கம்ப்யூட்டரில் பெரிதாக வைத்துப் பார்த்தேன். ஷட்டர் ஸ்பீடு (எவ்வளவு நேரம் வெளிச்சம் விழுந்தது), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்வு), எத்தனை எம்எம்மில் எடுத்தது (எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) என்பதெல்லாம் அந்தந்த ஃபைலிலேயே பதிவாகியிருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால், குறை எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். லென்ஸ் வாங்க நினைக்கிற யாரும் கடைக்குப் போவதற்கு முன்னால் இந்த ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். "எனக்கு எந்த லென்ஸ் நல்லது?" என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பதில் சொல்வார்கள். "இந்தப் படத்தில் முகம் ஏன் இழுபட்டிருக்கிறது?" என்று கேட்டால் பதில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு லென்ஸும் வேண்டாம், பாடியும் வேண்டாம். ஃபிளாஷ் ஒன்று மட்டும் வாங்கலாம். பறவைக்குப் பெரிய லென்ஸ் உண்மையிலேயே தேவை. அதையும் முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும். ஏன் என்பதை அவன் படங்களை வைத்தே சொல்கிறேன்.

மேடையும் கறுப்புத் திரையும்

அவனை 70-200 பக்கம் தள்ளியவை ஆண்டுவிழாப் படங்கள். ஒரு சிறுமி பரதநாட்டியம் ஆடுகிறாள். 200 எம்எம், எஃப் 5.6, 1/60 நொடி, ஐஎஸ்ஓ 3200. கையும் முகமும் இழுபட்டிருக்கின்றன. கை நடுக்கம் காரணம் இல்லை. ஏனென்றால் மேடையின் மைக் ஸ்டாண்டு அதே படத்தில் கத்தி மாதிரி தெளிவாக இருக்கிறது. ஆடுகிறவள் அசைந்த வேகத்துக்கு 1/60 போதவில்லை.

இதற்குக் கடை சொல்லும் வழி எளிது. எஃப் 4 லென்ஸ் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/60 என்பது 1/125 ஆகும். எஃப் 2.8 என்றால் நான்கு மடங்கு. 1/250 வரை போகலாம். இது உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எஃப் 2.8 லென்ஸ் புதிதாக வாங்க லட்சத்துக்கு மேல் ஆகும், கனமும் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. நாற்பதாயிரத்துக்குள் அவனுக்கு வந்தது எஃப் 4, அதுவும் நடுக்கத்தைத் தாங்கும் ஐஎஸ் வசதி இல்லாத பழைய வகை. அவனுடையது மாதிரி, ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார் உள்ள கிராப் சென்சார் கேமராவில் 200 எம்எம் லென்ஸை ஐஎஸ் இல்லாமல் கையில் பிடித்து எடுக்க வேண்டுமென்றால் 1/320 அளவாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. ஆக, ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்கும், கையில் இருக்கிற ஐஎஸ் போய்விடும். மைக் ஸ்டாண்டும் சேர்ந்து இழுபடும்.

அந்தப் படத்தில் இன்னொரு விஷயமும் கிடந்தது. சிறுமியின் முகம் வெளுத்துப்போய், நெற்றிச்சுட்டியில் ஒரு கல்கூடத் தெரியவில்லை. பின்னால் தொங்கிய கறுப்புத் திரையோ சாம்பல் நிறத்தில் இருந்தது. கேமராவின் வெளிச்ச மீட்டருக்கு அது கறுப்புத் திரை என்று தெரியாது. ஃபிரேமில் முக்கால்வாசி இருட்டாக இருப்பதைப் பார்த்து, வெளிச்சம் குறைவு என்று முடிவு கட்டி, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்துவிட்டது. அவன் எடுத்தது ஏவி மோடில், அப்பர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டரைக் கேமராவே முடிவு செய்யும் முறை அது. ஏவி பட்டனை அழுத்திக்கொண்டு டயலைத் திருப்பி மைனஸ் ஒன்று என்று வைத்திருந்தால் 1/60 தானாகவே 1/125 ஆகியிருக்கும். திரை கறுப்பாக வந்திருக்கும், முகத்தில் நிறம் தங்கியிருக்கும்.

இதைப் பார்த்ததும் எனக்கு மனசு கொஞ்சம் கனத்துப்போனது. நாற்பதாயிரம் கொடுத்து அவன் வாங்க நினைத்த அந்த ஒரு ஸ்டாப், நான்கு வருடமாக அவன் விரலுக்கடியிலேயே இருந்திருக்கிறது.

அடுத்தது நேரம். பரதநாட்டியம் இடைவிடாமல் ஓடும் ஆட்டம் இல்லை. தீர்மானம் என்கிற முடிப்பு வரும்போது ஒரே சொற்கட்டு பெரும்பாலும் மூன்று முறை வரும். மூன்றாவதன் முடிவில் உடம்பு ஒரு கணம் சிலை மாதிரி நிற்கும். அந்தக் கணத்துக்கு 1/125 தாராளம். ஆனால் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஷட்டரை அழுத்தினால் பிடிக்க முடியாது, அதற்குள் போய்விடும். நட்டுவாங்கத் தாளத்தைக் காதால் கேட்டு, கடைசி அடி விழும்போதே விரல் இறங்க வேண்டும். இதற்கு நல்ல பயிற்சி ஒத்திகை நாள். ஆண்டுவிழாவுக்கு முந்தின நாள் போய் உட்கார்ந்தால் எந்தப் பாட்டில் எங்கே நிற்கிறார்கள் என்பது மனதில் பதிந்துவிடும். பள்ளியில் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

பள்ளி அரங்குகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் விலை குறைந்த எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/250, 1/500 என்று வேகமாகப் போனால் சில விளக்குகளில் படத்துக்குப் படம் நிறம் மாறும், சிலவற்றில் குறுக்கே பட்டை விழும். 1/100 பக்கத்தில் வைத்தால் இந்தத் தொல்லை அடங்கும். அந்த மாதிரி மேடையில், லட்ச ரூபாய் லென்ஸ் கொடுக்கும் வேகத்தை முழுசாகப் பயன்படுத்தவே முடியாது.

சினிமாப் பாட்டுக்குக் குதித்துக் குதித்து ஆடும் குழு நடனம் வேறு கதை. அதில் நிற்கும் கணமே கிடையாது. அங்கே எஃப் 2.8தான் ஜெயிக்கும். வருடத்துக்கு இரண்டு நாள் வரும் தேவைக்கு அதை வாடகைக்கு எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. திருச்சி, மதுரை மாதிரி ஊர்களில் ஆதார் நகலும் முன்பணமும் கொடுத்தால் நாள் வாடகைக்குத் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வண்டிச் சக்கரம்

மாட்டுவண்டிப் பந்தயத்தில் குறை இதற்கு நேர் எதிர். நல்ல வெயிலில் 1/2000 வைத்து எடுத்திருக்கிறான். எல்லாமே தெளிவு. சக்கரத்தின் ஆரங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். மாடு ஓடுகிற மாதிரியே இல்லை, ரோட்டோரத்தில் அவிழ்த்துவிட்டது மாதிரி நிற்கிறது. "வேகம் தெரியலண்ணே, நல்ல லென்ஸ் இல்ல" என்று கூடவே எழுதியிருந்தான்.

இங்கே லென்ஸுக்கு வேலையே இல்லை. பேனிங் என்கிற வித்தைதான் வேண்டும். ஷட்டரை 1/40க்கு இறக்க வேண்டும். ரோட்டுக்கு நேராகக் கால்களை ஊன்றி, வண்டி வரும் பக்கமாக இடுப்பை மட்டும் திருப்பிக்கொள்ள வேண்டும். வண்டி தூரத்தில் வரும்போதே மாட்டின் கண்ணையோ சாரதியின் தலைப்பாகையையோ ஃபிரேமுக்குள் ஒரு புள்ளியில் வைத்துக்கொண்டு, அது அந்தப் புள்ளியை விட்டு விலகாமல் கூடவே திரும்ப வேண்டும். வண்டி நேர் எதிரே வரும்போது ஷட்டரை அழுத்தி, அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. எல்லாரும் கோட்டை விடுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். க்ளிக் சத்தம் கேட்டதும் உடம்பு தானாக நின்றுவிடும். முதல் ஐம்பது படம் வீணாகத்தான் போகும். பந்தயம் இல்லாத நாளில் மெயின் ரோட்டில் நின்று, போகிற பைக்குகளையும் டவுன் பஸ்ஸையும் வைத்துப் பழகலாம். செலவு ஒரு டீ.

பின்னணி மங்க வேண்டுமாம்

50 எம்எம் எஃப் 1.8 பற்றி அவன் கேட்டதற்குக் காரணம், கல்யாணத்தில் எடுத்த படங்களில் ஆளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியும் சாப்பாட்டுப் பந்தியும் தெளிவாகத் தெரிந்ததுதான். பின்னணி மங்கலாக, வெண்ணெய் மாதிரி வர வேண்டும் என்று ஆசை. பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிற லென்ஸ், நல்ல லென்ஸ். எனக்கும் அதில் பிரியம் உண்டு.

ஆனால் மங்கலுக்காக என்றால், அவனிடம் ஏற்கெனவே அதைவிட வலுவான லென்ஸ் இருக்கிறது. கணக்கு இப்படி. ஒரு ஆளை ஒரே அளவில் ஃபிரேமில் நிறுத்தினால், ரொம்பத் தள்ளியிருக்கும் பின்னணி எவ்வளவு மங்கும் என்பதை லென்ஸின் திறப்பின் விட்டம் தீர்மானிக்கிறது. எம்எம்மை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைக்கும். 50ஐ 1.8ஆல் வகுத்தால் சுமார் 28 மில்லிமீட்டர். அவனுடைய 55-250ஐ 250இல் வைத்து, 5.6ஆல் வகுத்தால் சுமார் 45 மில்லிமீட்டர். பழைய கிட் லென்ஸ்தான் முந்துகிறது!

இதற்கு ஒரு விலை உண்டு. 250இல் ஒருவரை மார்பளவுக்கு எடுக்க ஆறேழு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவருக்குப் பின்னாலும் வெட்டவெளி நிறைய இருக்க வேண்டும். மண்டபத்துக்குள் இது முடியாது. வாசலில், தோப்பில், கோயில் பிராகாரத்தில் முடியும். ஆளைச் சுவரில் சாய்த்து நிறுத்தும் பழக்கத்தை விட்டு, சுவரிலிருந்து இருபதடி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

அப்படியானால் 50 எம்எம் எதற்கு? இருட்டுக்கு. எஃப் 5.6ஐவிட எஃப் 1.8இல் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். சாமி முன்னால் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிற முகம், மின்சாரம் போன வீட்டில் மெழுகுவத்தி பக்கத்தில் படிக்கிற பிள்ளை, இதற்கெல்லாம் அது அருமையான சாமான். அவன் பட்டியலில் முதலில் வாங்க வேண்டிய லென்ஸ் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவன் அனுப்பிய நாற்பதில் அப்படிப்பட்ட படம் ஒன்றுகூட இல்லை என்பதால்தான் இப்போது வேண்டாம் என்கிறேன்.

அப்பத்தாவும் தெர்மாகோலும்

அந்த நாற்பதில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தவை எங்கள் அப்பத்தாவின் படங்கள். தொண்ணூறை நெருங்குகிறார். தண்டட்டி போட்டு இழுத்த காதுமடல், வெற்றிலைக் கறையேறிய உதடு, சுருக்கம் சுருக்கமாக முகம். எடுக்க அவ்வளவு இருக்கிறது. ஆனால் படத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். நடுப்பகல் வெயிலில் முற்றத்தில் உட்கார வைத்து எடுத்திருக்கிறான். இன்னொரு படம் வீட்டுக்குள், உச்சியில் டியூப்லைட், கேமராவின் சின்ன ஃபிளாஷ் நேராக முகத்தில். தோல் மெழுகு மாதிரி, பின்னால் சுவரில் அழுத்தமாக ஒரு நிழல்.

இந்தக் குறையைத் தீர்க்கிற லென்ஸ் உலகத்தில் கிடையாது. ஐந்து லட்ச ரூபாய் பாடியில் எடுத்தாலும் அந்தக் குழிகள் அப்படியேதான் இருக்கும், இன்னும் தெளிவாக இருக்கும்.

கார்த்திகைக்கு ஊருக்குப் போனபோது இருவருமாகச் சேர்ந்து முயன்றோம். வாசல் நிலைப்படியிலிருந்து ஒரு முழம் உள்ளே நாற்காலியைப் போட்டு, அப்பத்தாவை வெளியே பார்த்தபடி உட்கார வைத்தோம். டியூப்லைட்டை அணைத்தோம். வெயில் நேராகப் படவில்லை, தெருவின் வெளிச்சம் மட்டும் வாசல் வழியாக உள்ளே வந்தது. நான் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து நின்றேன். முகத்தின் ஒரு பாதி இருண்டது. பழைய டிவி பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த தெர்மாகோல் அட்டையை இருண்ட பக்கத்தில் இரண்டடி தூரத்தில் பிடிக்கச் சொன்னேன். தம்பி அதை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுவரக் கொண்டுவர, கன்னத்துச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து எழுந்து வந்தன. இரண்டு கண்ணிலும் வாசல் ஒரு சின்ன வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. அதே 1500டி, அதே 18-55. 55 எம்எம், எஃப் 5.6, 1/80, ஐஎஸ்ஓ 800.

"என்னப்பத்தா, பயமா இருக்கா?" என்று தம்பி கேட்டான். "எம்புட்டு நேரமா அந்த அட்டையைத் தூக்கிட்டு நிப்ப, கை வலிக்காதா?" என்றார். அந்தக் கேள்வியோடு முகத்தில் வந்த வாஞ்சைதான் படத்தில் விழுந்தது.

தெர்மாகோல் ஒன்றும் ஏழை வழி இல்லை. நம் சினிமாப் படப்பிடிப்புகளில் அது இல்லாத நாள் கிடையாது. 1950களில் சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, காசி வீட்டு முற்றம் ஒன்றை ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட்டு எடுக்க வேண்டியிருந்தது. முற்றத்தில் மேலிருந்து விழும் நிழலில்லாத வானத்து வெளிச்சம் அவருக்கு வேண்டும். செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்கை அதில் அடித்து, திரும்பி விழுந்த வெளிச்சத்தில் எடுத்தார். விளக்கு அதே விளக்குதான். எங்கே அடிப்பது என்பதை மாற்றினார்.

நான் வாங்கச் சொன்ன ஃபிளாஷும் இதே காரியத்துக்குத்தான். தலையைத் திருப்ப முடிகிற, 1500டியோடு வேலை செய்கிற சாதாரண ஃபிளாஷ் போதும். கல்யாண வீட்டில் அதை ஆள் மேல் அடிக்காமல் வெள்ளைக் கூரையில் அடித்தால், கூரை முழுக்க ஒரு பெரிய விளக்காகிவிடும். பெரிய மண்டபங்களில் கூரை இருபதடி உயரத்தில் இருக்கும், அல்லது தங்க நிறத்தில் சீலிங் போட்டிருப்பார்கள். அங்கே இது பலிக்காது. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறையும், இரண்டு மடங்கு தூரம் என்றால் கால் பங்குதான் வந்து சேரும். அப்போது பக்கத்தில் இருக்கிற வெள்ளைச் சுவர், விரித்துப் பிடித்த வேட்டி, எதுவும் உதவும். இதையெல்லாம் பழகாமல் ஃபிளாஷை மட்டும் வாங்கினால், கேமராவின் குட்டி ஃபிளாஷ் செய்த அதே அநியாயத்தை இன்னும் பலமாகச் செய்யலாம், அவ்வளவுதான்.

பெரிய கோயில் ஃபிரேமுக்குள் அடங்கவில்லை

தஞ்சாவூருக்குப் போனபோது கோயில் விமானம் முழுசாக அடங்கவில்லை, 10-18 மாதிரி ஒரு அகல லென்ஸ் வேண்டுமோ என்றும் கேட்டிருந்தான்.

1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர், இதே கோயிலில் இதே சிக்கலோடு நின்றார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை முழுவதும் படமெடுக்க வேண்டும். எந்த லென்ஸிலும் அது அடங்காது. அவர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 பிரிண்ட்களை ஒன்றோடொன்று ஒட்டினார். மொத்தம் ஏறக்குறைய 19 அடி நீளம். மெழுகு பூசிய காகித நெகட்டிவ் காலத்தில், வெயிலில், கையால் செய்த வேலை அது.

இன்று அதை வீட்டில் உட்கார்ந்து ஹுகின் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) மேனுவலில் பூட்டிவிட்டு, ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு வருகிற மாதிரி ஆறேழு படம் எடுத்தால் போதும். ஃபோகஸும் பூட்டியிருக்க வேண்டும். ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும் என்பதால் கையிலேயே எடுத்துப் பழகுவது நல்லது. ஆட்கள் நடந்துகொண்டே இருக்கிற திருவிழாவுக்கு இது சரிப்படாது, தலையில்லாத உடம்புகள் வரும். கல்லுக்கும் மலைக்கும் சரிப்படும். விமானம் பின்னால் சாய்ந்த மாதிரி குறுகிப்போவதை ஹுகினிலேயே ஓரளவு நிமிர்த்திவிடலாம் என்பது என் கண்ணுக்குப் பெரிய லாபம்.

புது பாடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு இதைவிட இரண்டரை மடங்கு அளவில் பெரிது. அதனால் இருட்டில் ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல் லாபம் உண்டு. அதற்கான லென்ஸ்களையும் சேர்த்தால் நாற்பதாயிரம் கண்ணுக்கே தெரியாது. 24 மெகாபிக்சல் படத்தை 12க்கு 18 அங்குலம் பிரிண்ட் போட்டால் அங்குலத்துக்கு 333 புள்ளிகள் வரும். அதற்கு மேல் எங்கே மாட்டப்போகிறான்? சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபார்மட்டில் எடுத்து, டார்க்டேபிள் என்ற மென்பொருளில் திருத்தப் பழகினால், ஜேபெக்கில் அவன் இதுவரை தூக்கிப்போட்டது மாதிரியான வெளிச்ச விவரங்கள் பலதும் இனி எடுக்கும் படங்களில் தங்கும். ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிகள் வைத்திருக்கும். அவன் கேமராவின் ராவில் 16,384. டார்க்டேபிளும் இலவசம்.

ஏரியில் மட்டும்

இவ்வளவு சொன்ன பிறகு, பறவை விஷயத்தில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே லென்ஸ்தான் முக்கால்வாசி.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு அவன் வருடா வருடம் போகிறான். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்த ஏரி அது. பனிக்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி அங்கே வந்து இறங்கும். வாத்து ஒன்றின் நீளம் சுமார் 75 சென்டிமீட்டர். கரையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி அது நீந்தினால், 250 எம்எம் லென்ஸில் சென்சார் மேல் விழும் பிம்பம் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. ஃபிரேம் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 600 எம்எம்மில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தை எந்தப் பயிற்சியாலும் ஈடுகட்ட முடியாது. தண்ணீருக்குள் இறங்கிப் பக்கத்தில் போகக் கூடாது, பறவைகளைக் கலைத்துவிட்டு எடுக்கிற படம் எனக்குப் படமே இல்லை.

அங்கேயும் கற்றது கைகொடுக்கிறது. அவன் போனது காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் தண்ணீருக்கு மேல் சூடான காற்று அலையடிக்கும், 600 எம்எம் இருந்தாலும் படம் குழம்பும். விடியற்காலையில் கரையில் இருக்க வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கரை எது என்று பார்த்து நிற்க வேண்டும், கேமராவைத் தாழ்த்திப் பறவையின் கண் மட்டத்துக்கு இறக்க வேண்டும். 150-600 புதிதாக லட்சத்தை ஒட்டி வரும். இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, அந்தக் கனத்தோடு நாலு மணிக்கு எழுந்து போக மனசு வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம். லென்ஸை வாங்கிப் பையிலேயே வைத்தால், நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். எனக்கு ஒரு 70-300 அப்படித்தான் போனது. மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கற்பதற்கும் செலவு உண்டு

கற்றுக்கொள்வது இலவசம் என்று சொன்னால் அது பொய். பெட்ரோல் ஆகும், ஞாயிற்றுக்கிழமைகள் போகும், வீட்டில் பேச்சும் கேட்க வேண்டிவரும். எப்படிக் கற்பது என்பதிலும் வழிகள் உண்டு, எல்லாம் ஒன்று இல்லை.

யூடியூப் நல்லதுதான், ஒரு வீடியோ பார்த்துவிட்டு நூறு படம் எடுத்தால். பத்து வீடியோ பார்த்துவிட்டு ஒரு படமும் எடுக்காத வாரங்கள் எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் இருக்கின்றன. அதைவிட மோசம், அந்த வீடியோக்களில் பாதி கடைசியில் ஏதோ ஒரு சாமானை வாங்கச் சொல்லி முடிவது. ஒரு நாள் பயிற்சி முகாம்களில் நான் இரண்டுக்குப் போயிருக்கிறேன். விளக்கு, பின்னணி எல்லாம் அவர்களே சரியாக வைத்துவிட்டு, வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். படம் அழகாக வந்தது, வேலை வரவில்லை.

எனக்கு உண்மையிலேயே கண் திறந்தது, எங்கள் தெரு ஸ்டுடியோ அண்ணனோடு மூன்று முகூர்த்தத்துக்கு விளக்குப் பிடிக்கப் போனபோது. அவர் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டார். "தள்ளு... இன்னும்... போதும், உசத்து" என்பதோடு சரி. ஆனால் ஒவ்வொரு "தள்ளு"க்கும் மணப்பெண்ணின் மூக்கு நிழல் எங்கே நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மூன்று நாளில் படிந்தது இன்றுவரை போகவில்லை. தம்பிக்கும் இதைத்தான் முதல் வழியாகச் சொல்லியிருக்கிறேன். தை பிறந்தால் முகூர்த்தங்களுக்குக் குறைவில்லை, விளக்குப் பிடிக்க ஒரு கை கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், மாதம் பத்துப் படமாவது பிரிண்ட் போட வேண்டும். போனில் அழகாகத் தெரிகிற படம் தாளில் வந்ததும் முகத்துக்கு நேராகப் பேசும். சாய்ந்த தூண், ஓரத்தில் வெட்டுப்பட்ட கை, தலைக்கு மேலே முளைத்த மின்கம்பம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

தம்பியின் நாற்பதாயிரம் இப்போது இப்படிப் பிரிந்திருக்கிறது. ஃபிளாஷும் அதற்கான பேட்டரிகளும் வாங்கிவிட்டான். தை மாதம் கரைவெட்டிக்கு இரண்டு நாள் 150-600 வாடகைக்குப் பேசியிருக்கிறான். முன்பணம் போக, வாடகை இரண்டு மூன்று ஆயிரத்துக்குள் முடியும். பிரிண்ட்டுக்கும் பெட்ரோலுக்கும் மாதம் ஆயிரம். மிச்சம் இருபதாயிரத்துக்கு மேல் வங்கியில் கிடக்கிறது. சித்திரையில் இந்த ஆறு மாதப் படங்களையும் டார்க்டேபிளில் போட்டு, எந்த எம்எம்மில் அதிகம் எடுத்திருக்கிறான், எதில் இருட்டு தடுத்தது, எதில் தூரம் தடுத்தது என்று பிரித்துப் பார்க்கப் போகிறோம். இருட்டு என்றால் 50 எம்எம், தூரம் என்றால் 150-600க்குச் சேர்த்து வைப்பது.

போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். பந்தயம் இன்னும் தொடங்கவில்லை, மெயின் ரோட்டில் பால்கேன் கட்டிய ஒரு டிவிஎஸ் 50. ஓட்டுகிறவர் முகமும் கேனின் மூடியும் தெளிவு, பின்னால் புளியமரங்கள் பச்சைக் கோடுகளாக ஓடுகின்றன. 18-55இல், 1/40.

"அண்ணே, எழுபத்திரண்டாவது படத்துலதான் இது வந்துச்சு. பால்காரர் மூணு தடவை திரும்பிப் போய்வந்தாரு" என்று எழுதியிருந்தான்.

நாளைக்கு 1/25இல் முயன்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.